துவக்கு இல்லாத வார்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
14 ஜனவரி 2024

அன்புள்ள தங்கச்சி ஜெயமலருக்கு,

உனக்கும் மச்சான் பொன்னம்பலத்துக்கும் எங்கள் பொங்கல் வாழ்த்து. இங்கே நானும் உன் மச்சாள் அன்ரனெற்றும் உன் மகன் ஜதுர்சனும் நலம். உன் முழங்கால் நோ குறைந்ததா? கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் தோய்ப்பதை விட்டுவிடு என்று போன கடிதத்திலும் எழுதினேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

என் காது முன்னையைவிட மோசம். முப்பது வருடமாக ரெக்ஸ்டேல் பட்டறையில் பிரெஸ் மெசினுக்குப் பக்கத்தில் நின்ற காது. போனில் நீ சொல்வதில் பாதி எனக்கு விழுவதில்லை. மீதியை நானாக நிரப்பிக்கொண்டு பிழையாகப் பதில் சொல்கிறேன். பேனாதான் எனக்குச் சரி.

ஜதுர்சன் மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறான். அகதி விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. பொறுமையான பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிவைத்து அன்ரனெற்றின் மனதைப் பிடித்துவிட்டான்.

இனி என்னுடைய புதினம். பட்டறையில் என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற வோல்டர், வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். போகுமுன் என்னைக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைத் தந்தார். "நீ ஒருத்தன்தான் இதுகளின்ர வேலைப்பாட்டைப் பாப்பாய். மற்றவன் எல்லாம் விலையைத்தான் பாப்பான்" என்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து இராணுவச் சாமான்கள். துவக்கு துப்பாக்கி ஒன்றுகூட இல்லை, துவக்கோடு சேர்ந்தவை மட்டும். நுனியில் கொழுவும் ஈட்டி போன்ற முனை, குழல் துடைக்கும் கயிறு, துவக்கின் பிடிக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பித்தளை எண்ணெய்க் குப்பி. குப்பியின் மூடியைத் திருகினேன். எண்பது வருடத்துக்குப் பிறகும் புரி ஒன்றுகூடத் தேயவில்லை, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போகிறது. பிறகு துவக்கைத் தோளில் மாட்டும் வார். பச்சைக் கன்வஸ், இரண்டு முனையிலும் பித்தளைக் கொளுக்கி. அந்தத் தையலை நீ பார்க்கவேண்டும் பிள்ளை!

வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் ஒரு பலகை அடித்து எல்லாவற்றையும் கொழுவப்போகிறேன். மச்சானுக்கும் வாசித்துக் காட்டு, அவருக்கும் இரும்புச் சாமான் பிடிக்கும்.

அன்புடன்
அண்ணன் இராஜரட்ணம்


வவுனியா
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது, உடுப்பும் அப்படியே இருக்கிறது, இரண்டையும் விடமுடியவில்லை. மச்சாளின் சீனி வருத்தம் எப்படி? பாவற்காய் வற்றல் அனுப்ப ஆள் பார்க்கிறேன்.

தம்பி ஜதுர்சனை நீங்கள் இருவரும் வைத்துப் பார்ப்பதற்கு நான் என்ன சொல்ல. அவன் போனில் "மாமா வீட்டில கறி உறைப்புக் காணாது" என்று குறை சொல்லும்போதுதான் அவன் நன்றாக இருக்கிறான் என்று எனக்கு விளங்குகிறது.

இங்கே மழை பிந்திப் பெய்து உளுந்து பழுதாய்ப் போனது. அவர் காலையில் பேக்கரிக்குப் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். வேறு எங்கும் போவதில்லை.

உங்கள் கடிதங்களை வழமையாக அவருக்கு உரத்து வாசிப்பேன். இந்தமுறை பெட்டியைப் பற்றிய இடத்தை வாசிக்கவில்லை. குறை நினைக்கவேண்டாம்.

அந்தப் பெட்டி வீட்டுக்குள்ளா இருக்கிறது? தம்பி படுப்பதும் பேஸ்மென்றில்தானே?

அன்புடன்
தங்கை ஜெயமலர்


அஜின்கோர்ட்
3 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதமும் சுகமும் கண்டு சந்தோசம். அன்ரனெற்றின் சீனி கட்டுக்குள் இருக்கிறது. வற்றல் வந்தால் அதுவும் கட்டுக்குள் நிற்காது, பரவாயில்லை, அனுப்பு.

பெட்டி பேஸ்மென்றில்தான். பலகை அடித்துவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல், அதை உன்னிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

பெட்டியின் அடியில் எண்ணெய்த் தாளில் சுற்றி, துவக்குக் குண்டு அடுக்கும் ரவைக்கூடு இரண்டு கிடந்தது. வாழைப்பழம் மாதிரி வளைந்தவை. மற்றச் சாமானோடு சேராதவை, இயந்திரத் துவக்கு ஒன்றுக்கு உரியவை. வோல்டருக்கே அவை உள்ளே கிடந்தது நினைவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து, இந்த நாட்டுச் சட்டத்தை எடுத்து இரவிரவாக வாசித்தேன். சுவையான சட்டம் இது. வாருக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் ஒரு சொல்லும் இல்லை. ஆளைக் குத்துவதற்கென்றே செய்த ஈட்டிமுனையைச் சுவரில் கொழுவி வைக்கலாம், லைசென்ஸ் தேவையில்லை, கொண்டு தெருவில் இறங்காதவரை. ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுக்கிற பழைய துவக்கின் பத்து ரவைக்கூடும் பரவாயில்லை. ஆனால் தானாகச் சுடும் துவக்கின் கூட்டுக்குள் ஐந்து ரவைக்கு மேல் போகும் என்றால், ரவையும் இல்லாமல் துவக்கும் இல்லாமல் வெறும் தகரக் கூடாக இருந்தாலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். வைத்திருந்தால் குற்றம். சட்டத்துக்கு அழகு தெரியாது, எண்ணத்தான் தெரியும்.

உள்ளே ஒரு றிவெற் ஆணி அடித்து, ஐந்துக்கு மேல் போகாமல் அடைத்துவிட்டால் அதே கூடு சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும். என் கைக்கு அது தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் அடிக்கும்வரை வைத்திருந்ததும் குற்றம்தானே. பட்டறை வினோதன், "அண்ணை, ஏரிக்குள்ள எறிஞ்சிட்டு வந்து படுங்கோ. உதை ஆர் பாக்கினம்?" என்கிறான். அன்ரனெற் வேறு மாதிரி. "தெரியாமல் கைக்கு வந்தது. நியாயமான காலத்துக்குள்ள ஒப்படைச்சா சட்டம் விடும் எண்டு நீங்கள்தானே வாசிச்சனீங்கள். பொலிசைக் கூப்பிடுங்கோ" என்கிறாள்.

எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் உன் மகனின் விசாரணை முடியவில்லை. அவன் இருக்கிற வீட்டுக்குப் பொலிஸ் வந்தால் அவன் பெயரும் எங்கேனும் எழுதப்படுமோ தெரியாது. குடிவரவு வழக்குப் பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். "பிரச்சினை வராது எண்டுதான் நினைக்கிறன், ஆனா கையடிச்சுச் சொல்லமாட்டன்" என்றார்.

நீ சொல்வதைச் செய்கிறேன். கெதியில் எழுது.

வோல்டர் இன்னொன்றும் சொன்னார். மிசிசாகாவில் ஏரிக்கரையோடு போர்க்காலத்தில் ஒரு துவக்குத் தொழிற்சாலை இருந்ததாம். அவருடைய தாயார் கலியாணத்துக்கு முன் அங்கே வேலை செய்தவர், இந்தப் பெட்டியும் அவவுடையதுதான். அங்கே பெரும்பாலும் பெண்கள்தானாம். அந்தப் பெண்களின் கைவேலையை நினைத்தால் நான் இவ்வளவு காலமும் என்ன செய்தேன் என்று இருக்கிறது.

அன்புடன்
அண்ணன்


அஜின்கோர்ட்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம்தானே? உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் உன் வற்றல் பார்சல் வந்து சேர்ந்தது. அதற்குள் நீ எழுதிய துண்டு ஒன்றுகூட இல்லை. நீ துண்டு வைக்காமல் பார்சல் அனுப்பியதை நான் கண்டதில்லை.

ஜதுர்சனும் ஒரு மாதிரி இருக்கிறான். போன சனிக்கிழமை பலகையில் வாரைக் கொழுவும்போது, "தம்பி, மற்ற நுனியைப் பிடி" என்று கேட்டேன். கையை நீட்டியவன், தொடாமல் இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். அன்றிரவு ரெக்ஸ்டேலில் ஒரு கூட்டாளி வீட்டில் போய்ப் படுத்தான். இன்னும் வரவில்லை. நான் ஏதும் பிழையாகச் சொன்னேனா? கேட்டால், "இல்லை மாமா, வேலைக்குக் கிட்ட" என்கிறான். கிட்டதான், ஆனால் இவ்வளவு நாளும் இங்கிருந்துதானே போய்வந்தான்?

என்னவென்று எழுது பிள்ளை.

அண்ணன்


ரெக்ஸ்டேல்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். அப்பாவும் நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் இருப்பார், அதனால் எழுதுகிறேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். கோவிக்காதேங்கோ அம்மா. நேற்று அவர் இங்கே தேடி வந்தார். வாசலில் நின்று, "நான் ஏதும் செய்துபோட்டனோ தம்பி?" என்று கேட்டார். காது கேளாததால் அவர் எப்போதும் உரத்துத்தான் பேசுவார். நேற்று மெல்லக் கேட்டார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

மாமாவுக்கு ஒன்றும் தெரியாது அம்மா, ஒன்றுமே! அப்பா சைக்கிளில் பேக்கரிப் பாண்பெட்டி கட்டுகிற பச்சை வாரைக் கண்டு இராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போனதும், பத்து மாதம் உள்ளே இருந்ததும் அவருக்குத் தெரியாது. அதே மாதிரியான வார்தான் மாமா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதே பித்தளைக் கொளுக்கி. சொன்னபோது மாமா படியில் இருந்துவிட்டார். "பிறகு எப்பிடி விட்டவங்கள்?" என்று கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. "அம்மா போய்க் கூட்டிக்கொண்டு வந்தவ" என்பதுதான் எனக்குத் தெரிந்தது. மீதி உங்களிடம்தான் இருக்கிறது.

மாமா உடனே, வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு ஏரிக்குக் கொண்டுபோகிறேன் என்று வெளிக்கிட்டார். நான்தான் மறித்தேன். "பொலிசைக் கூப்பிடுங்கோ மாமா. ஒளிச்சுவைக்கிற வீட்டில என்னால படுக்கேலாது" என்றேன். சரியா பிழையா தெரியவில்லை. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

நாளைக்கு அஜின்கோர்ட்டுக்குத் திரும்பிப் போகிறேன்.

உங்கள் மகன்
ஜதுர்சன்


அஜின்கோர்ட்
28 ஏப்ரல் 2024

என் தங்கச்சி ஜெயமலருக்கு,

சுகம் கேட்டு எழுதத் தொடங்கினால் கை வரவில்லை. எத்தனை கடிதத்தில் நீ "சுகம்" என்று எழுத நான் நம்பினேன்! ஆனால் முதலில் உன் மகனைப் பற்றி எழுதவேண்டும்.

வியாழக்கிழமை பொலிசின் அவசரமில்லாத இலக்கத்துக்கு அன்ரனெற் அழைத்தாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றதற்கு, கொண்டுவரவேண்டாம், நாங்களே வருகிறோம் என்றார்களாம். கூடு இரண்டையும் சமையலறை மேசையில் ஒரு துவாயின் மேல் வைத்துவிட்டு இருந்தோம். ஜதுர்சன் அன்று வேலைக்குப் போகவில்லை. "நீ மேல போய் இரு தம்பி" என்றேன். தலையாட்டிவிட்டு மேலே போனான்.

மணி அடித்தது. நான் எழும்ப முன்னமே படியில் இறங்கிவரும் சத்தம். அவன்தான் கதவைத் திறந்தான். சீருடையில் ஒரு பெண், பின்னால் இன்னொருவர். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஆனால் குரல் நேராக வந்தது. "உள்ளே வாருங்கள். நான் இவருடைய மருமகன். அகதிக் கோரிக்கை வைத்திருக்கிறேன். இது என்னுடைய கடதாசி" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கேட்காமலே நீட்டினான். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள், திருப்பித் தந்தாள். "இது எனக்குத் தேவையில்லை" என்றாள்.

பெட்டி முழுவதையும் பார்த்தார்கள். ஈட்டிமுனையைத் தூக்கிப் பார்த்து வைத்தாள். வாரைத் தள்ளிவிட்டாள். கூடு இரண்டையும் ஒரு பையில் போட்டு, எடுத்துக்கொண்டதற்கு ஒரு துண்டு எழுதித் தந்து, "அழைத்ததற்கு நன்றி, பலர் அழைப்பதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்ரனெற் போட்டுவைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

கதவு சாத்தியபின் ஜதுர்சன் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, அவ்வளவுதானா?" என்று கேட்டான்.

அவ்வளவுதானா! அந்தச் சொல் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது பிள்ளை. உண்மையிலேயே தடைசெய்த பொருள் இருந்த வீட்டில் இவ்வளவுதான். ஒரு வாருக்கு அங்கே பத்து மாதம். நான் எத்தனையோ உறுதியான இரும்பைப் பார்த்தவன். அன்று கதவைத் திறந்த அந்தக் கை எதனால் செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ எப்படி அவரை வெளியே கொண்டுவந்தாய்? சொல்ல மனமிருந்தால் மட்டும் எழுது. இல்லாவிட்டால் உன் முழங்காலைப் பற்றி எழுது, அதுவும் எனக்குப் போதும்.

அண்ணன்


வவுனியா
26 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தையும் தம்பியின் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அழைத்தது அவ என்று வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

உங்களுக்கு எழுதாமல் விட்டது உங்களை வேறாக நினைத்தல்ல. 2007 இல் எந்தக் கடிதமும் வழியில் பிரித்து வாசிக்கப்பட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. "அவர் வேலை விசயமாய் வெளியூர் போயிருக்கிறார்" என்று நான் எழுதியது நினைவிருக்கிறதா? பிறகு அவர் திரும்பி வந்தார். "இதைப் பற்றி இனி வீட்டில கதைக்கவேண்டாம்" என்றார். கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டதை எழுதுவது எப்படி? பார்சலுக்குத் துண்டு எழுத இருந்தேன், "சுகம்" என்பதற்கு மேல் பேனா போகவில்லை. அந்தப் பொய்யை இன்னொருமுறை எழுத விரும்பவில்லை.

அந்த வார் தெருவோரத்தில் கிடந்தது. நல்ல உறுதி என்று அவர் எடுத்து வந்து பாண்பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். இரண்டு வருடம் கட்டினார். காவலரணில் நின்றவர்கள் தினமும் கண்டார்கள், பாணும் வாங்கினார்கள். ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் பித்தளைக் கொளுக்கியைப் பார்த்துவிட்டு, "வார் இருக்கு, துவக்கு எங்கே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைத்தான் பத்து மாதமும் கேட்டார்கள். இல்லாத துவக்கை அவர் எங்கே போய்க் காட்டுவார்?

சட்டத்தரணி, "வார் இராணுவச் சாமான், அதை மறுக்கேலாது" என்றார். அப்போது யாரோ சொன்னார்கள், அநுராதபுரத்துச் சந்தையில் கழித்துவிட்ட பழைய இராணுவப் பைகளும் பட்டிகளும் நிலத்தில் பரப்பி விற்கிறார்கள் என்று. போனேன். அதே வார் குவியலாகக் கிடந்தது. ஒன்று வாங்கினேன். பில் கேட்டேன், கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு மட்டையில் எழுதித் தந்தார். கொண்டுவந்து வழக்கில் கொடுத்தோம். எவரும் காசு கொடுத்து வாங்கும் சாமான் என்று தெரிந்தபின், கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். இவ்வளவுதான் அண்ணை. பெரிதாக ஒன்றுமில்லை.

முழங்காலுக்குப் புதுத் தைலம் பூசுகிறேன்.

அன்புடன்
ஜெயமலர்


அஜின்கோர்ட்
25 ஓகஸ்ற் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உனக்கும் மச்சானுக்கும் சுகம் பெருகட்டும். நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். போனில் அவன் சொல்லியிருப்பான், என் கையாலும் எழுதவேண்டும். ஜதுர்சனின் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். விசாரணையில் தகப்பனைப் பற்றிக் கேட்டார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு, நீ வார் வாங்கப் போனதையும் சொன்னானாம். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

"பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதை அன்ரனெற்றுக்கு வாசித்தேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, "திருப்பி வாசியுங்கோ" என்றாள். அந்த வாரை வைத்திருந்ததற்காகத்தான் அவரைப் பிடித்தார்கள். அதே வாரை நீ கையில் எடுத்துக்கொண்டு, அதே பாதையால், அதே காவலரண்களைத் தாண்டி வந்திருக்கிறாய். நான் சட்டத்தை வாசித்துத்தான் இது குற்றம், இது குற்றமில்லை என்று பிரித்தேன். நீ வாசிக்க ஒரு சட்டமும் இல்லாத இடத்தில் உன் உடம்பை வைத்துப் பிரித்துக் காட்டியிருக்கிறாய்.

வோல்டரைப் பார்க்கப் போனபோது சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என்ர அம்மா இருந்திருந்தா உன்ர தங்கச்சியைத் தன்ர லைனுக்கு போர்மன் ஆக்கியிருப்பா" என்றார்.

பெட்டியை என்ன செய்ய என்று தெரியவில்லை. பலகை வெறுமையாக இருக்கிறது. நீ சொல்.

இனி நீங்கள் இருவரும் ஒருமுறை இங்கே வரவேண்டும். நான் அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன். விசா கிடைக்குமோ தெரியாது, கேட்காமல் எப்படி?

அண்ணன்


வவுனியா
29 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். தம்பியின் செய்தி கேட்ட அன்று அவர் பேக்கரியில் எல்லோருக்கும் சீனிப்பாண் கொடுத்தாராம். என்னிடம் சொல்லவில்லை, பேக்கரிப் பெடியன்தான் சொன்னான்.

என்னைத் தூக்கிவைத்து எழுதாதேங்கோ, வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. பெட்டியை எறியவேண்டாம். அவை ஒரு பெண்ணின் வீட்டில் இருந்து வந்தவை, நீங்கள் ஆசைப்பட்டுப் பலகை அடித்தீர்கள். தம்பிக்குச் சம்மதம் என்றால் கொழுவுங்கள். வாரை மட்டும் அவனிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வருவதைப் பற்றி. அவரை விட்டுவிட்டு நான் வரமாட்டேன். அவர் வரமாட்டார். பாஸ்போட் ஒபிசில், விமான நிலையத்தில், எங்கும் சீருடைதானே. வெளியே வந்த நாளிலிருந்து அவர், அந்தக் காவலரண் இருந்த சந்தியால் போவதில்லை. வயலைச் சுற்றி, தூரமான பாதையால்தான் பேக்கரிக்குப் போகிறார். நான் கேட்டதும் இல்லை, கேட்கவும் மாட்டேன். மச்சாளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
ஜெயமலர்


வவுனியா
20 ஒக்ரோபர் 2024

அன்புள்ள மச்சான் இராஜரட்ணம் அவர்களுக்கு,

பொன்னம்பலம் எழுதுகிறேன். வழமையாக ஜெயமலர்தான் எழுதுவாள், நான் பக்கத்தில் இருந்து "கேட்டதாகச் சொல்லு" என்பேன். எழுத்து நல்லாய் இராது. நான் நல்ல சுகம். நீங்களும் அன்ரனெற் தங்கச்சியும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

ஜெயமலர் உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் இப்போது எனக்கு வாசித்தாள், முன்பு விட்ட இடங்களையும் சேர்த்து. தான் எழுதியதையும் சொன்னாள். அவள் குறைத்து எழுதியிருக்கிறாள் மச்சான். மீதியை நான் சொல்லாவிட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அநுராதபுரத்தில் இருந்து வரும்போது வாரை அவள் ஒளிக்கவில்லை. பையைச் சுற்றி, எல்லோருக்கும் தெரியக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு காவலரணில் இறக்கிவிட்டார்கள். பஸ் போய்விட்டது. "இதை இங்க போட்டிட்டுப் போ, ஒண்டும் செய்யமாட்டம்" என்றார்களாம். "இதைப் போட்டிட்டுப் போனா அவரைப் போட்டிட்டுப் போனமாதிரி" என்று சொல்லி, வெயிலில் நின்றிருக்கிறாள். பொழுதுபடத்தான் விட்டார்கள். அதே பஸ்ஸில் வந்த ஒருவர் பிறகு பேக்கரிக்கு வந்தபோது எனக்குச் சொன்னார். அவள் இன்றைவரை சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் நான் கைதிக் கூட்டுக்குள் நின்று பார்த்தேன். சட்டத்தரணிக்கு வாரை வெளியே எடுக்கப் பயம். "இன்னொரு தவணையில பாப்பம்" என்று அவளுக்குக் காதுக்குள் சொன்னது எனக்குத் தெரிந்தது. அவள் எழும்பினாள். நேரே முன்னால் போய், வாரையும் மட்டையையும் மேசையில் வைத்தாள். பஸ்ஸில் யாரிடமோ கேட்டுப் பாடமாக்கின சிங்களத்தில் சொன்னாள். பிழை பிழையாகச் சொன்னாள், உரத்துச் சொன்னாள். நீதவான், "இதை வைத்திருந்தால் உன்னையும் பிடிக்கலாம் என்று தெரியாதா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொல்ல முன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது. தமிழில் சொன்னாள்: "பிடியுங்கோ ஐயா. வித்தவரையும் பிடியுங்கோ. சந்தையில வாங்கின எல்லாரையும் பிடியுங்கோ. என்ர மனுசனை மட்டும் ஏன்?"

நீதவான் வாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று என்னை விடவில்லை. ஆனால் அன்றைக்கே நான் வெளியே வந்துவிட்டேன் மச்சான். பிறகு உள்ளே இருந்த நாட்களை நான் எண்ணவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கதவைத் தம்பி திறந்த கதையையும் கேட்டேன். தாய் அப்படி, மகன் இப்படி. நடுவில் நான் ஒருவன் வயலைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன். அவள் எனக்காகத்தான் வரமாட்டேன் என்கிறாள். மகனைப் பார்க்க ஆசை இல்லாமலா?

வெள்ளிக்கிழமை அவளுக்குச் சொல்லாமல் வெளிக்கிட்டேன். சந்தியால் நடந்து போய், பஸ் ஏறி, பாஸ்போட் ஒபிசுக்குப் போனேன். வாசலில் ஒருவன் துவக்கோடு நின்றான். சின்னப் பெடியன், நம்முடைய தம்பியின் வயதுதான் இருக்கும். திரும்புவோம் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்து, தெரிந்த தமிழில், "ஐயா எங்க போறது?" என்று கேட்டான்.

"கனடாவுக்கு" என்றேன்.

இப்படிக்கு
பொன்னம்பலம்